வகுப்பறைக்கு ஸ்டாண்ட்பை யார்?

ருவைஸில் வேலை பார்க்கும் நம்மவர் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பிளான்ட்டில் முக்கியமான பம்ப் ஒன்று இருந்தால், பக்கத்திலேயே இன்னொன்று நிற்கும். ஒன்றுக்கு 'ஏ', மற்றதற்கு 'பி' என்று பெயர். 'ஏ' நின்றுபோனால் 'பி' ஓடும். கன்ட்ரோல் ரூமுக்கு யூபிஎஸ் உண்டு. எந்தக் கருவியை எப்போது கழற்றிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அட்டவணை உண்டு. இயந்திரம் என்றால் ஒருநாள் கெட்டுப்போகும் என்று தெரிந்துதான் எல்லாவற்றையும் கட்டியிருக்கிறார்கள். பம்ப் நின்றால் முதலில் பம்பைத்தான் பார்ப்பார்கள். ஆபரேட்டரைப் பார்த்து, "உனக்கு மெஷினே ஓட்டத் தெரியல" என்று யாரும் ஆரம்பிப்பதில்லை.

அதே ஆபரேட்டரின் பிள்ளை படிக்கும் வகுப்பறைக்குப் போவோம். சுவரில் ஒரு ஸ்மார்ட் போர்டு, மேலே ஒரு புரொஜெக்டர், மேசையில் ஒரு கம்ப்யூட்டர். எல்லாமே ஒவ்வொன்றுதான். காலை முதல் பீரியடில் அது எழுந்திருக்க மறுத்தால், ஓட்டுவதற்கு 'பி' கிடையாது. சரியாகச் சொன்னால், ஒரு 'பி' இருக்கிறது. முந்தின நாள் ராத்திரி பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்து, ஒரே பாடத்தை இரண்டு விதமாகத் தயாரித்த டீச்சர்தான் அந்த 'பி'.

அந்த இரண்டாவது தயாரிப்புக்கு எந்தக் கணக்கிலும் இடம் கிடையாது. நேர அட்டவணையில் இல்லை, சம்பளத்தில் இல்லை, பெற்றோரான நம் கண்ணிலும் படுவதில்லை. அதைக் கணக்கில் கொண்டுவர வேண்டும் என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

அபுதாபியிலிருந்து 240 கிலோமீட்டர்

ருவைஸ் எப்படிப்பட்ட ஊர் என்று மற்ற நாடுகளில் இருக்கும் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அபுதாபி நகரத்திலிருந்து கடற்கரையை ஒட்டி மேற்கே சுமார் 240 கிலோமீட்டர் தூரம். அல் தஃப்ரா பகுதியில் இருக்கிறது. முன்பு மேற்குப் பகுதி, அல் கர்பியா என்று சொல்வார்களே, அதேதான். 1980களின் தொடக்கத்தில் அட்னாக்கின் சுத்திகரிப்பு ஆலை இங்கே வந்தது. பிறகு எரிவாயு, உரம், பெட்ரோகெமிக்கல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. வேலை செய்பவர்களின் குடும்பங்களுக்காகக் குடியிருப்பும், பள்ளிகளும், மருத்துவமனையும், கடைகளும் எழுந்தன. இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் பராக்கா அணுமின் நிலையம்.

இப்படிப்பட்ட ஊரில் பல குடும்பங்களின் அமைப்பு ஒரே மாதிரி இருக்கும். கணவருக்குப் பிளான்ட்டில் ஷிஃப்ட். மனைவி பி.எட். முடித்திருந்தால் உள்ளூர்ப் பள்ளியில் டீச்சர். மதுரையிலோ திருநெல்வேலியிலோ யாழ்ப்பாணத்திலோ படித்தவர், இங்கே வந்து மலையாளி, பாகிஸ்தானி, எகிப்தியப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் அறிவியல் நடத்துகிறார்.

தூரத்துக்கு ஒரு விலை உண்டு. நகரத்துப் பள்ளியில் புரொஜெக்டர் போனால் சாயங்காலத்துக்குள் ஆள் வந்து பார்க்கலாம். இங்கே உதிரிபாகமும், அதை மாட்டத் தெரிந்த ஆளும் முஸாஃபாவிலிருந்தோ அபுதாபியிலிருந்தோ வர வேண்டியிருந்தால், அது ஒரு நாள் பயணம். அதுவரை அந்த வகுப்பு எப்படி நடக்கிறது என்பது டீச்சரின் சாமர்த்தியம்.

ஒரு பாடம், இரண்டு தயாரிப்பு

ஊரில் 'நோட்ஸ் ஆஃப் லெசன்' என்று ஒரு நீள நோட்டு இருக்கும். தலைப்பு, நோக்கம், செயல்பாடு, வீட்டுப்பாடம் என்று நான்கு கட்டம். வாரத்துக்கு ஒருமுறை தலைமையாசிரியர் கையெழுத்து. இங்கே இருக்கும் லெசன் பிளான் அதன் பெரிய அண்ணன். கற்றல் நோக்கம், தொடக்கச் செயல்பாடு, வேகமாகப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு பணி, நடுத்தரத்துக்கு ஒன்று, தடுமாறுகிற பிள்ளைக்கு ஒன்று, வேறு பாடங்களோடு தொடர்பு, அமீரகத்தோடு தொடர்பு, பயன்படுத்தும் தொழில்நுட்பம், முடிவில் புரிந்ததா என்று பார்க்கும் மதிப்பீடு. இவ்வளவையும் நிரப்பி, வாரம் தொடங்கும் முன்பே கோஆர்டினேட்டருக்கு அனுப்ப வேண்டும்.

இது வெறும் சடங்கு இல்லை. அபுதாபியில் தனியார் பள்ளிகளை 'இர்திகா' என்ற திட்டத்தில் கல்வி, அறிவுத் துறை ஆய்வு செய்கிறது. 2015-16இல் வந்த அமீரகப் பள்ளி ஆய்வுச் சட்டகம் 'மிகச் சிறப்பு' முதல் 'மிக பலவீனம்' வரை ஆறு நிலைகளில் பள்ளியை வைக்கிறது. அதில் பாடத்திட்டமிடலும் பார்க்கப்படுகிறது. மாணவர்கள் கற்றல் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதும் பார்க்கப்படுகிறது. ஆகவே, 'புரொஜெக்டர் தகராறு பண்ணுது, நான் சாக்பீஸ்லயே நடத்திக்கிறேன்' என்று ஒரு டீச்சர் ஒதுங்கிவிட முடியாது. தொழில்நுட்பம் பிளானில் இருந்தாக வேண்டும். அது வேலை செய்யாவிட்டால் பாடமும் நின்றுபோகக் கூடாது.

ஒரு உதாரணம் பார்ப்போம். பத்தாம் வகுப்பு, ஒளி விலகல். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் 2002 முதல் நடத்திவரும் 'ஃபெட்' என்ற தளத்தில் இதற்கு அருமையான ஒரு மாதிரி இருக்கிறது. ஒளிக்கதிரைத் திருப்பலாம், தண்ணீரைக் கண்ணாடியாக மாற்றலாம், கோணத்தை அளக்கலாம். டீச்சர் இதை வைத்துப் பாடத்தை அமைக்கிறார். பத்து நிமிடம் மாதிரியைக் காட்டுவது, பதினைந்து நிமிடம் பிள்ளைகள் டேப்லெட்டில் தாங்களே செய்து பார்ப்பது, கடைசியில் ஆன்லைன் வினாடி வினா.

இது முதல் தயாரிப்பு. இனி இரண்டாவது. நெட் வராவிட்டால்? கண்ணாடி டம்ளர், தண்ணீர், பென்சில். லேபிலிருந்து கண்ணாடிப் பலகையும் குண்டூசிகளும் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். வினாடி வினாவைத் தாளில் அடித்து, முப்பது பிரதி எடுத்து, வெட்டி வைக்க வேண்டும். நெட் ஒழுங்காக வந்துவிட்டால் அந்த முப்பது தாளும் குப்பைக்கு. வராவிட்டால் முதல் தயாரிப்பு குப்பைக்கு. எப்படிப் பார்த்தாலும் பாதி உழைப்பு வீண்.

எங்கெல்லாம் கழன்று போகும்

தொழில்நுட்பக் கோளாறு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். வகுப்பில் நிற்பவருக்கு அது பல விதம்.

முதலாவது, பொருள் கெடுவது. ஷமால் காற்று வீசும் ஊரில் புரொஜெக்டரின் ஃபில்ட்டரில் தூசி அடைத்துக்கொள்ளும். சூடேறினால் அது தானாக அணைந்துவிடும். பல்புக்கு இத்தனை மணி நேரம் என்று ஆயுள் உண்டு. அது தீரத் தீரப் படம் மங்கும், பின்பெஞ்சுக்கு எழுத்து தெரியாது. கேபிளின் முனை தளர்ந்திருக்கும். போர்டில் ஓரிடத்தில் தொட்டால் நான்கு விரல் தள்ளி எழுதும். கோடை விடுமுறை முடிந்து திறக்கும் வாரத்தில் இவை எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்.

இரண்டாவது, நெட்வொர்க். வீட்டில் ஒரு ஆள் பார்க்கும்போது ஓடிய வீடியோ, இருபது வகுப்பும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையும் முதல் பீரியடில் சுற்றிக்கொண்டே இருக்கும். சில நேரம் வேகம் இருக்கும், ஆனால் பள்ளியின் ஃபில்ட்டர் அந்தத் தளத்தையே தடுத்துவிடும். வீட்டில் திறந்தது பள்ளியில் திறக்கவில்லை என்பது பிள்ளைகள் முன்னால்தான் தெரியவரும்.

மூன்றாவது, மென்பொருள். பாடம் தொடங்கும் நேரம் பார்த்து விண்டோஸ் 'அப்டேட்' ஆரம்பிக்கும். லைசென்ஸ் காலாவதியாகியிருக்கும். பாஸ்வேர்டு மாறியிருக்கும். போன வருடம் ஒரு செயலி, இந்த வருடம் வேறு செயலி. யுனெஸ்கோ 2023இல் கல்வித் தொழில்நுட்பம் பற்றி வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, இத்தகைய பொருட்கள் சராசரியாக 36 மாதங்களுக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன என்கிறது. ஒன்றைப் பழகி, அதற்கேற்ற பாடங்களைச் சேர்த்து வைப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

நான்காவது நம்ம தமிழுக்கே உரியது. வார விடுமுறையில் தமிழ் சொல்லிக் கொடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்த பயிற்சித்தாளை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால், 'அம்மா' இருந்த இடத்தில் புரியாத ஆங்கில எழுத்துகள் வரிசை கட்டி நிற்கும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனால் வாட்ஸ்அப் வழியாகக் கைமாறி வரும் பழைய பயிற்சித்தாள்கள் இன்னும் பழைய எழுத்துருவில்தான் சுற்றுகின்றன.

இந்த நான்கில் எதுவும் டீச்சரின் தவறு இல்லை. ஆனால் நான்குக்கும் வகுப்பில் பதில் சொல்வது அவர்தான்.

சின்னக் கணக்கு

பத்து நிமிடம் போனால் என்ன என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பீரியட் 40 நிமிடம். ஒரு வகுப்புக்கு ஒரு நாளில் பத்து நிமிடம் இப்படிப் போகிறது என்று வையுங்கள். பள்ளி நாட்கள் 180 என்று வைத்தால் 1,800 நிமிடம். அதாவது 45 பீரியட். ஒரு பாடத்துக்கு வாரம் ஐந்து பீரியட் என்றால், ஒன்பது வாரப் பாடம் கேபிளைத் தேடுவதிலேயே கரைந்துவிடுகிறது.

டீச்சர் பக்கம் வருவோம். அந்த இரண்டாவது தயாரிப்புக்கு ஒரு நாளில் அரை மணி நேரம் மட்டும் போகிறது என்று வைத்தாலும், 180 நாளில் 90 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாக மாற்றினால் பதினோரு நாளுக்கு மேல். எந்தச் சம்பளச் சீட்டிலும் இல்லாத பதினோரு நாள். நம்ம பிளான்ட்டில் யாராவது இப்படி வேலை பார்ப்பார்களா? ஓவர்டைம் தாளில் பத்து நிமிடம் குறைந்தாலே சூப்பர்வைசர் அறை வாசலில் போய் நிற்போம்.

ஆனால் டீச்சர்கள் போய் நிற்பதில்லை. வெளிநாட்டில் இருக்கிறோம், கான்ட்ராக்ட் வருடாவருடம் பார்க்கப்படும், கணவரின் வேலையும் இந்த ஊரில்தான், இருக்கிற பள்ளிகளும் கொஞ்சம். 'எதுக்கு வம்பு' என்று இருந்துவிடுகிறார்கள். குறை சொன்னால் 'டெக்னாலஜி தெரியாதவங்க' என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயம் வேறு.

2020இல் பார்த்தோமே

அவர்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று சொல்ல இனி யாருக்கும் உரிமை கிடையாது. 2020 மார்ச் 8 முதல் அமீரகத்தில் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் தொலைநிலைக் கல்வி தொடங்கியது. இரண்டே வார இடைவெளி. வாட்ஸ்அப்பில் வீடியோ கால் கூடப் போகாத நாடு என்று நாம் குறைபட்டுக்கொள்வோமே, அந்த நாட்டில்தான் அந்த மாதம் ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், பிளாக்போர்டு போன்றவற்றைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தது. வீட்டில் இணையம் இல்லாத குடும்பங்களுக்கு மொபைல் டேட்டா இலவசமாகக் கொடுக்கப்பட்டது. அரசு தன் பங்கை வேகமாகச் செய்தது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை திரைக்கு முன்னால் உட்கார்ந்தது யார்? அதுவரை ஜூமையே திறந்து பார்த்திராத டீச்சர்கள் பலர். தாங்களே பழகி, ஏழு வயதுப் பிள்ளைக்கு 'மைக்கை ஆன் பண்ணு கண்ணா' என்று சொல்லிக் கொடுத்து, பக்கத்து அறையில் தங்கள் சொந்தப் பிள்ளையின் வகுப்பையும் கவனித்துக்கொண்டு நடத்தினார்கள். அப்போது 'மேம் கிரேட்' என்று வாட்ஸ்அப் குரூப்பில் கைதட்டினோம். கைதட்டல் ஓய்ந்தது, பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. இப்போது மழை பெய்தாலும் வகுப்பு நிற்காது. 2024 ஏப்ரல் 16இல் 75 வருடத்தில் காணாத மழை கொட்டியபோது, பள்ளிகள் மறுபடி திரைக்கு மாறின. வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களும் பாடம் எடுக்க வேண்டியிருந்தது.

நமது இணையம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதையும் மறந்துவிடுகிறோம். 2008 ஜனவரி கடைசியில் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தன. இந்தியாவிலும் வளைகுடாவிலும் இணையம் தவழ்ந்தது. 17 வருடம் கழித்து, 2025 செப்டம்பர் 6இல் ஜெத்தா அருகே செங்கடலில் மறுபடி கேபிள்கள் அறுந்தன. புதிய பருவம் தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அமீரகத்தில் பலருக்கு இணையம் மெதுவானது. கடலுக்கு அடியில் நடப்பதை எந்தப் பள்ளியும் தடுக்க முடியாது, வாஸ்தவம். ஆனால் அப்படி ஒன்று நடக்கும் என்று எதிர்பார்த்து ஏற்பாடு செய்ய முடியும். அந்த ஏற்பாட்டை ஒரு தனி மனிதரின் தூக்கத்திலிருந்து எடுக்கக் கூடாது.

பழைய கதைதான்

இது ருவைஸ் கதை மட்டுமில்லை, இன்றைய கதையும் இல்லை. அமெரிக்கக் கல்வி வரலாற்றாளர் லாரி கியூபன் 1986இல் 'ஆசிரியர்களும் இயந்திரங்களும்' என்ற புத்தகத்தில் இதை எழுதிவிட்டார். சினிமா, ரேடியோ, டிவி என்று ஒவ்வொன்றும் வகுப்பறைக்குள் வந்த விதத்தை அவர் பார்க்கிறார். முதலில் பெரிய ஆரவாரம். பிறகு ஆய்வுகள். பிறகு வகுப்பில் யாரும் அவ்வளவாகப் பயன்படுத்தவில்லையே என்ற ஏமாற்றம். கடைசியில் ஆசிரியர் மேல் பழி. ஆசிரியர்கள் சொன்ன காரணமோ எளிமையானது: தேவைப்படும் நேரத்தில் கருவி கைக்குக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் வேலை செய்வதில்லை.

இந்தியாவில் 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை 'சைட்' என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சோதனை நடந்தது. ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக நிகழ்ச்சிகள் போயின. பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் செயற்கைக்கோளைத்தான் பேசுவார்கள். கிராமத்தில் பெட்டி கெட்டுப்போனால் யார் போய்ப் பார்ப்பது என்பதையும் இஸ்ரோ சேர்த்தே திட்டமிட்டது என்பதை யாரும் பேசுவதில்லை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2011இல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வந்தது. 2018இலிருந்து பாடப்புத்தகத்தில் க்யூஆர் கோடு. 2019 ஆகஸ்ட்டில் கல்வித் தொலைக்காட்சி. இப்போது தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகள். எல்லாம் நல்ல திட்டங்கள், பல பிள்ளைகளுக்குக் கதவு திறந்தன. கூடவே 'எமிஸ்' என்ற தகவல் தளமும் வந்தது. சர்வர் மெதுவாக இருக்கிறது, பதிவேற்றுவதிலேயே நேரம் போகிறது, பாடம் எப்போது நடத்துவது என்று ஆசிரியர் சங்கங்கள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கின்றன. இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. அங்கே ஆன்லைன் பாடம் தயாரித்து வைத்திருந்த ஆசிரியரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

ஊர் வேறு, பணம் வேறு, வெப்பம் வேறு. பளு விழும் தோள் மட்டும் ஒன்றே.

'அந்தக் காலத்துல சாக்பீஸ் போதாதா?'

இந்த இடத்தில் ஒரு பெரியவர் கட்டாயம் சொல்வார்: "நாங்கள்லாம் மரத்தடியில படிச்சோம்பா. நல்ல வாத்தியாருக்குச் சாக்பீஸ் போதும்." கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பாதி உண்மைதான். மரத்தடியில் படித்து மேலே வந்தவர் பேசுகிறார். படிக்க முடியாமல் நின்றுபோனவர் பேசுவதற்கு இங்கே இல்லை.

கண் மங்கிய பிள்ளைக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது திரைதான். நோயில் வீட்டிலிருக்கும் பிள்ளைக்குப் பாடத்தைக் கொண்டு சேர்ப்பது இணையம்தான். ருவைஸில் பிறந்து, வருடத்துக்கு ஒரு மாதம் மட்டும் ஊரைப் பார்க்கும் பிள்ளை, ழகரத்தைச் சரியாகக் கேட்பது ஒலிப்பதிவில்தான். 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக, உலகம் முழுக்க இருக்கும் நம் பிள்ளைகளுக்குப் பாடம் கொடுக்கிறதே, அது தொழில்நுட்பம் இல்லாமல் நடக்குமா? சுவீடன் 2023இல் அச்சுப் புத்தகங்களுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கியது உண்மை. அவர்கள்கூடக் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கடலில் போடவில்லை. இரண்டுக்கும் உரிய இடத்தைத் தேடுகிறார்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி லெசன் பிளானை அதுவே எழுதிவிடும் என்பது இன்னொரு வாதம். அமீரகம் 2025-26 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் அதை ஒரு பாடமாகவே கொண்டுவந்திருக்கிறது. டீச்சர்களும் அதில் பிளான் எழுதிப் பார்க்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் அழகான பிளான் வந்துவிடும். ஆனால் '8 பி' வகுப்பு புரொஜெக்டரின் பல்பு போய் நான்கு நாள் ஆகிறது என்பது அதற்குத் தெரியாது. அது டீச்சருக்குத்தான் தெரியும்.

பக்கத்து வீட்டுப் பாடம்

அப்படியென்றால் என்ன செய்யலாம்? நம் பக்கத்து வீட்டுக்காரர்களிடமே ஒரு விடை இருக்கிறது. கேரளாவில் 'கைட்' என்ற அரசு நிறுவனம் 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கியது. அதில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கையை விட அவர்கள் போட்ட நிபந்தனை. கருவி கொடுக்கும் நிறுவனம் புகாரைக் குறித்த நாளுக்குள் சரி செய்ய வேண்டும், தவறினால் அபராதம். புகார் சொல்வதற்குத் தனி ஏற்பாடு. மென்பொருளுக்கு லைசென்ஸ் தொல்லை இல்லாத கட்டற்ற மென்பொருள். 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் மன்றங்களையும் தொடங்கினார்கள். பிள்ளைகளே வகுப்பறைக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளப் பழகுகிறார்கள். டீச்சருக்கு ஒரு வேலை குறைகிறது, பிள்ளைக்கு ஒரு வேலை தெரிகிறது.

இங்கே பள்ளிகள் செய்யக்கூடியதும் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. மாடிக்கு ஒரு உபரி புரொஜெக்டரும் இரண்டு கேபிளும் வைக்கலாம். ஐந்து நிமிடத்தில் வகுப்புக்கு வரக்கூடிய ஒரு ஆளைப் பள்ளி நேரத்தில் நிறுத்தலாம். கோடை விடுமுறை முடியும் முன்பே எல்லா அறையையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். வருட நடுவில் செயலியை மாற்றாமல் இருக்கலாம். முக்கியமாக, மாற்றுப் பாடம் தயாரிக்கும் நேரத்தை வாரத்தில் ஒரு பீரியடாக அட்டவணையிலேயே ஒதுக்கலாம். பாடத்தைப் பார்க்க வரும் சூப்பர்வைசரும், போர்டு அணைந்தது என்று எழுதுவதோடு நிறுத்தாமல், அணைந்த பிறகு டீச்சர் பாடத்தை எப்படிக் கொண்டுபோனார் என்றும் எழுதலாம். உண்மையான திறமை தெரிவது அங்கேதான்.

டீச்சர்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப் போவதில்லை. ஆனால் ஆளுக்கு ஆள் தனியாகச் செய்வதைச் சேர்ந்து செய்தால் பாரம் பாதியாகும். கருவியே இல்லாமல் நடக்கும் பாடத்தை அடித்தளமாக முதலில் எழுதிவிட்டு, அதன் மேல் திரையை வைத்தால், ஒரே தயாரிப்பு இரண்டுக்கும் உதவும். ஒரே வகுப்பு நடத்தும் நான்கு பேர், பாடத்துக்கு ஒரு பக்கம் என்று பிரித்து எழுதிப் பொதுவில் வைக்கலாம். அடுத்த வருடம் வருபவருக்கும் அது இருக்கும். வீடியோவையும் ஃபெட் மாதிரிகளையும் இணையம் இல்லாமல் ஓடும்படி முன்பே இறக்கி வைக்கலாம். தமிழ்ப் பயிற்சித்தாளை யூனிகோடில் அடித்துப் பிடிஎஃப் ஆக்கிவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரிலும் 'அம்மா' அம்மாவாகவே இருப்பார்.

கேட்க வேண்டிய கேள்வி

கடைசியாக நம்ம பக்கம். அட்மிஷனுக்குப் போகும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி, "எல்லா கிளாஸ்லயும் ஸ்மார்ட் போர்டு இருக்கா?" பள்ளிகளும் அதற்குத் தகுந்த மாதிரிதான் விளம்பரம் செய்கின்றன. போர்டு வாங்கினால் படம் எடுத்துப் போடலாம். பழுது பார்க்க ஆள் வைத்தால் படம் எடுக்க என்ன இருக்கிறது? நாம் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் பள்ளி வாங்கும். ஃபீஸ் கட்டுவது நாம்தான்.

ஆகவே அடுத்த ஓப்பன் ஹவுஸில் வேறு மாதிரி கேட்போம். "போர்டு கெட்டுப்போனா யார் பார்ப்பாங்க? எவ்வளவு நேரத்துல வருவாங்க? அதுவரைக்கும் டீச்சருக்கு என்ன ஏற்பாடு?" மூன்றே கேள்வி. நாலு பெற்றோர் சேர்ந்து கேட்டால் அது கோரிக்கை ஆகும், நாற்பது பேர் கேட்டால் பட்ஜெட்டில் ஒரு வரி ஆகும்.

இரவு பத்தரைக்கு "ஒர்க்‌ஷீட் இன்னும் அப்லோடு ஆகலையே மேம்" என்று மெசேஜ் தட்டுமுன் ஒரு நிமிடம் யோசிப்போம். அந்த நேரத்தில் அவர் அநேகமாக அதே பாடத்தின் இரண்டாவது தயாரிப்பில் இருப்பார். அல்லது, அப்லோடு ஆகாத அந்தக் கோப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வரும்போது, அடுத்த ஆளிடம் முறைப்படி பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத்தான் வருகிறோம். நம் பிள்ளையின் டீச்சருக்கும் ஒப்படைக்க ஒரு ஆள், ஓட ஒரு 'பி' பம்ப் வேண்டும். அதைப் பள்ளி கொடுக்க வேண்டும், நாம் கேட்டு வாங்கித் தர வேண்டும்.